ராணி இன்றும் வரவில்லை

1997 ஜூலை 28, திங்கள்

ஆடி மாதத்தில் வீட்டுக்கு ஒரு துடைப்பம்கூட வாங்காத எங்கள் முதலாளி இன்று மில்லுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார். வாங்கிவிட்டார் என்று சொல்லக் கூடாதாம். கோயமுத்தூர்க் கடைக்காரன் ஒருவன், "வெச்சுப் பாருங்க, புடிக்கலீன்னா திருப்பி எடுத்துக்கறேன்" என்று இறக்கிவிட்டுப் போயிருக்கிறான். வாங்கினால்தான் ஆடி தோஷம், வைத்துப் பார்த்தால் ஒன்றும் இல்லையாம்.

முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார். "விஜயதசமி வரைக்கும் இருக்கட்டும். அன்னைக்கு நம்ம கமலவேணி அம்மிணி சொல்றதுதான் முடிவு" என்றார். அது நான்தான். பருத்தியிலிருந்து கொட்டை பிரிக்கும் இந்த ஜின்னிங் மில் ஆபீசில் நான் ஹெட்கிளார்க். பருத்தி எடை, பஞ்சுப் பொதிகளின் பேல் கணக்கு, சம்பளப் பட்டியல் எல்லாமே என் கையெழுத்தில்தான் இருக்கும்.

"விஜயதசமி வரைக்கும் எதுக்குங்கையா? இப்பவே சொல்றனுங்க. இது வந்த வண்டியிலயே திரும்பிப் போகும். நான் இதை வெரல் நுனியாலகூடத் தொட மாட்டேன்" என்றேன்.

கேஷியர் தண்டபாணி கை தட்டினார். பக்கத்து ஊர் மில் ஒன்றில் கம்ப்யூட்டர் வந்த கையோடு இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் பேசிய வேகத்தில் எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ம்" என்றார்.

ஜூலை 30, புதன்

எங்கள் உடம்புக்கு வராத ஏ.சி. அதற்கு வந்துவிட்டது. பழைய விதைக் கிடங்கைச் சுண்ணாம்பு அடித்து, கண்ணாடிக் கதவு போட்டு, உள்ளே அதைக் குடிவைத்திருக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். ஆபீஸ் உதவியாளர் ஆறுக்குட்டி வாசலிலேயே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன்.

கூடவே ஒரு பெண்ணும் வந்திருக்கிறாள். பெயர் ஜெசிந்தா, திண்டுக்கல் பக்கம். முப்பது வயது இருக்கும். அந்தப் பெட்டியை ஓட்டத் தெரிந்தவளாம். நான் சிரித்துப் பேசவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

ஆடிக் காற்றில் ஆபீஸ் முழுக்கப் பஞ்சும் புழுதியும். கம்ப்யூட்டர் அறைக்குள் மட்டும் மார்கழி மாதம். காலையில் வைத்த மல்லிகை சாயங்காலம் வரை வாடவில்லை என்று கேள்விப்பட்டு, நானும் என் பூவை ஒரு கிண்ணத்தில் போட்டு அங்கே வைத்தேன். பூ வைக்கப் போனவள் இரண்டு நிமிடம் நின்றால் தப்பில்லை. ஆறுக்குட்டி தன் மோர்ச் சொம்பை அங்கேதான் வைக்கிறான். தண்டபாணி ஒன்றும் வைக்கவில்லை, தன்னையே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஜெசிந்தா என்னை விடவில்லை. "மேடம், இதைப் புடிச்சுப் பாருங்களேன்" என்று மவுஸ் என்ற ஒன்றைக் கையில் கொடுத்தாள். நான் அதை டி.வி. ரிமோட் மாதிரி தூக்கித் திரைக்கு நேராகக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. நல்ல பெண்.

ஒன்றை இங்கே தெளிவாக எழுதி வைக்கிறேன். மவுஸ் என்பது கம்ப்யூட்டர் அல்ல. அது கம்ப்யூட்டரின் வாலில் தொங்குவது. நான் கம்ப்யூட்டரைத் தொடவில்லை.

கை பழகுவதற்கென்று அதற்குள்ளேயே ஒரு பயிற்சி வைத்திருக்கிறார்கள். சின்னச் சின்னக் கட்டங்களை வரிசையாக அடுக்க வேண்டும். பெரியதன் மேல் சிறியது, சிவப்பின் மேல் கறுப்பு. ஒரு பொருளைக் குறை சொல்வதற்கு முன் அதைத் தெரிந்துகொள்வது நியாயம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மவுஸ் பயிற்சி.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மவுஸ் பயிற்சி. பேல் கணக்கு நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வீட்டுக்கு வர ஏழு மணி ஆகிவிட்டது. அவர் கூடத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டி.வி. ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் அது வேறு பக்கச் சுவரில் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து பஸ் கம்பெனியில் டிக்கெட் செக்கராக இருந்து ரிட்டையர் ஆனவர். பேச ஆரம்பித்தால் பஸ்ஸே சிரிக்கும் என்பார்கள். மூன்று வருஷமாக "ம்", "சரி", "உப்பு" இவ்வளவுதான் பேச்சு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் மகளுக்கு வளைகாப்பு. சம்பந்தி வீட்டார் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், பெண்ணின் அப்பாவைக் காணோம். கிளப்பில் சீட்டாட்டம். கையில் நல்ல சீட்டு வந்துவிட்டது, இறங்க மனசில்லை. இவர் வந்து சேர்ந்தபோது வளையல் எல்லாம் போட்டு முடித்து, பந்தியும் முடிந்து, மகள் அழுதும் முடித்துவிட்டாள். அன்று சாயங்காலம் நான் கற்பூரத்தை ஏற்றி அவர் முன்னால் நீட்டினேன். "இனிமேல் சீட்டைக் கையால தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்றேன். பண்ணினார். அன்றிலிருந்து தொடவில்லை. அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

எனக்கு இன்றைக்கும் சீட்டு என்ற சொல்லே ஆகாது. மவுஸ் பயிற்சியில் வருகிறவை வெறும் படங்கள். ராஜா, ராணி, ஜாக்கி என்று அதில் வரைந்திருந்தால் அதற்கு நான் என்ன செய்வது? காலண்டரில் லட்சுமி படம் இருந்தால் காலண்டர் கோயிலாகிவிடுமா?

ஆகஸ்ட் 21, வியாழன்

மதியம் தண்டபாணி மெல்ல உள்ளே வந்தார். இந்தப் பெட்டி ஜாதகம் கணிக்குமாமே என்று கேட்டார். ஜெசிந்தாவின் கோயமுத்தூர்த் தோழி ஒருத்தி அதற்கான பிளாப்பித் தகட்டை அனுப்பியிருந்தாள். தண்டபாணி மகளின் பிறந்த நேரத்தைச் சொன்னார். பிரிண்டர் கறகறவென்று கத்திக்கொண்டே கட்டம் கட்டமாகக் கக்கியது. அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "மிஷின் பொய் சொல்லாதுங்க அம்மிணி. ஜோசியன்னா மூஞ்சியப் பாத்துச் சொல்லுவான்" என்றார். மூன்று வாரத்துக்கு முன்னால் கை தட்டியவர் இவர்தான்.

ஆறுக்குட்டிக்கு வேறு ஆசை. தன் பெயரை எவ்வளவு பெரிதாக அடிக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக அடித்துத் தரச் சொன்னான். ஒரு தாளுக்கு ஓர் எழுத்தாக வந்தது. பசை தடவி வீட்டுக் கதவில் ஒட்டப் போகிறானாம். கதவு போதாமல் கடைசி எழுத்து ஜன்னலுக்குப் போகும் என்று சொன்னேன். "போகட்டுமுங்க்கா. படிக்கறவன் எட்டிப் பாக்கட்டும்" என்றான்.

கணக்குப் போட வந்த மிஷினிடம் கணக்கு ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் கேட்கிறார்கள். மனித புத்தியை நினைத்துச் சிரிப்புதான் வருகிறது.

மவுஸ் பயிற்சி. இன்றும் முடிக்க முடியவில்லை. கடைசியில் சிவப்பு ராணி வராமல் கழுத்தை அறுத்துவிட்டாள்.

செப்டம்பர் 8, திங்கள்

ஒரு சின்ன சங்கடம். நான் தூக்கத்தில் பேசுகிறேனாம். காலையில் காபி குடித்துக்கொண்டே அவர் கேட்டார்.

"ராணி யாரு?"

"எந்த ராணி?"

"'ராணி வரலியே, ராணி வரலியே'ன்னு ராவெல்லாம் பொலம்பறே."

நான் யோசிக்கவே இல்லை. "ஆபீசுல புதுசா சேந்திருக்கற பொண்ணுங்க. சொல்லாமக் கொள்ளாம லீவு போட்டுர்றா" என்றேன்.

"அப்படியா" என்றார். மூன்று வருஷத்தில் அவர் இவ்வளவு பேசியது இன்றுதான்.

செப்டம்பர் 9, செவ்வாய்

சாயங்காலம் வந்ததும் அவர் கேட்டார். "ராணி வந்தாளா?"

"வரலீங்க."

செப்டம்பர் 12, வெள்ளி

"ராணி வந்தாளா?"

"வந்தாளுங்க. ரொம்பத் தாமதமா வந்தா. வந்தும் பிரயோசனமில்ல."

"யாருக்காச்சும் கீழ மாட்டியிருப்பா" என்றார். யாரோ மேலதிகாரியைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

பேல் கணக்கில் எனக்கு ஓர் இடத்தில் உதைத்துக்கொண்டே இருந்தது. எட்டு நாளாகத் தேடிக்கொண்டிருந்த பிசகு. ஜெசிந்தா காலையில் எல்லா எண்களையும் பெட்டியில் ஏற்றி, சாப்பாட்டு மணிக்கு முன்னால் கண்டுபிடித்துவிட்டாள். ஏழு என்று எழுத வேண்டிய இடத்தில் நான் ஒன்று என்று எழுதியிருக்கிறேன். வெளியே யாரிடமும் அவள் சொல்லவில்லை. பென்சிலால் லேசாகத் திருத்தி என் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

"இந்த மிஷின் திரும்பிப் போனா நீ என்ன பண்ணுவே?" என்று கேட்டேன்.

"நானும் அதே வண்டியிலதான் மேடம்" என்று சிரித்தாள். சிரித்துவிட்டு மவுஸைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்த மவுஸையே மறுபடியும் மறுபடியும் துடைத்தாள்.

சோற்றுப் பாத்திரத்தைப் பாதியிலேயே மூடினேன். எல்லோர் முன்னாலும் வாய் விட்டாயிற்று. இனி வார்த்தையை எப்படித் திரும்ப வாங்குவது? ஹெட்கிளார்க் பேச்சு மாறினால் ஆறுக்குட்டிகூட மதிக்க மாட்டான். பெட்டி நல்லது என்று சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். எப்படித் தெரியும் என்று சொன்னால் அது வீடு வரைக்கும் வரும்.

மவுஸ் பயிற்சியில் மனம் ஓடவில்லை. ஆனாலும் செய்தேன்.

அக்டோபர் 8, புதன்

ஜெசிந்தாவுக்கு மெட்ராஸ் ஐ. இரண்டு கண்ணும் கோவைப்பழம். ஊருக்கெல்லாம் கொடுத்துவிடுவாள் என்று முதலாளியே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். போகும்போது கறுப்புக் கண்ணாடியோடு என்னிடம் வந்து, "சனிக்கிழமை நல்ல முடிவாச் சொல்லுங்க மேடம்" என்றாள். எந்த முடிவு நல்ல முடிவு என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

ஆயுத பூஜை. மில்லில் எல்லா மிஷினுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. கம்ப்யூட்டருக்கு நெற்றியில் விபூதிப் பட்டை, நடுவில் பொட்டு. பார்க்கக் கொஞ்சம் முதலாளி சாயலில் இருந்தது. பூஜையில் வைத்துவிட்டால் நாளை காலை வரை எதையும் தொடக்கூடாது. எனக்குக் காலையிலிருந்து வலது கை ஆள்காட்டி விரல் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

சுண்டல் அள்ளிக்கொண்டிருந்தபோது ஆறுக்குட்டி எலுமிச்சங்காய்க் கூடையோடு வந்தான். "ஏனுங்க்கா, லாரிச் சக்கரத்துக்கு அடியில வெச்சாச்சு. டிராக்டருக்கும் வெச்சாச்சு. இந்தக் கம்ப்யூட்டருக்குச் சக்கரம் எங்கீங்க்கா இருக்குது?"

"அதுக்கேதுடா சக்கரம்? மவுஸுக்கு அடியில ஒரு குண்டு இருக்குது, அது மட்டுந்தான் உருளும்" என்று சொல்லிவிட்டுச் சுண்டலைக் கவனித்தேன். தேங்காய் கொஞ்சம் கம்மி.

அக்டோபர் 11, சனி. விஜயதசமி

இன்று நடந்ததை எல்லாம் அப்படியே எழுதிவிடுகிறேன். இனி மறைக்க ஒன்றும் மிச்சமில்லை.

காலையில் எல்லோரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். மில்லில் அது வழக்கம். என் வீட்டுக்காரரும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். மறு பூஜை முடிந்து, ஜின்னிங் மிஷினை ஓடவிட்டு, லாரியைக் கிளப்பிவிட்டு, முதலாளி பொரித் தட்டோடு கம்ப்யூட்டர் அறைக்கு வந்தார். "நல்ல நாளு. இதையும் ஓட்டி வெச்சுட்டு முடிவைச் சொல்லுங்க அம்மிணி" என்றார்.

தண்டபாணி சுவிட்சைப் போட்டார். திரை வெளிச்சமாயிற்று. அவர் மவுஸைப் பிடித்து நகர்த்தினார். அம்பு நகரவில்லை. தட்டிப் பார்த்தார், உதறிப் பார்த்தார், "முருகா" என்றும் சொல்லிப் பார்த்தார். அது பிள்ளையார் மாதிரி ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தது.

முதலாளியின் முகம் சுருங்கியது. "விஜயதசமியும் அதுவுமா நின்னு போச்சு. ஓட்டற புள்ளையும் இல்ல. ராசியில்லாத பொட்டி. நம்ம அம்மிணி மொத நாளே சொன்னாங்க. திங்கக்கெழம வண்டி வரச் சொல்லி ஏத்தி அனுப்பிருங்க" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஜெயித்துவிட்டேன். வாயைத் திறக்காமல் நின்றால் போதும், என் வார்த்தை நின்றுவிடும். துடைத்த மவுஸையே துடைத்துக்கொண்டு நின்ற அந்தப் பெண் கண் முன்னால் வந்தாள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை சாயங்காலம் நான் என்ன செய்வேன் என்ற பயமும் வந்தது.

"ஒரு நிமிசமுங்கையா" என்றேன்.

தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவினேன். ஜெசிந்தா துடைக்கும்போது பார்த்தபடி மவுஸைத் திருப்பிப் போட்டு, அடி மூடியை இடது பக்கமாகத் திருகிக் குண்டைக் கீழே தள்ளினேன். குண்டு முழுக்கக் குங்குமம். உள்ளே இருக்கும் சின்ன உருளைகளில் ஏதோ பசை மாதிரி காய்ந்து ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். எலுமிச்சை.

"ஆறுக்குட்டி!"

"நீங்கதானுங்க்கா சொன்னீங்க, அது மட்டுந்தான் உருளும்னு. பாதியா அறுத்துக் குங்குமம் தடவி, அதுக்கடியில வெச்சு ஒரு அமுக்கு அமுக்கி எடுத்தனுங்க. லாரிக்கு மட்டும் நசுக்கறோமுல்லங்க?"

சிரிப்பில் அறையே குலுங்கியது. நான் ஊசி முனையால் உருளைகளைச் சுரண்டி, குண்டை முந்தானையில் துடைத்து, உள்ளே போட்டு மூடினேன். அம்பு நகர்ந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். மவுஸ் சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பதற்காக என் கை தானாகப் போயிற்று. எங்கே போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அதற்கே தெரிந்திருக்கிறது. கண் மூடித் திறப்பதற்குள் திரையில் பச்சை விரிப்பு, அதன் மேல் ஏழு வரிசைச் சீட்டு.

கை தட்டியவர்கள் கையை அப்படியே நிறுத்திக்கொண்டார்கள்.

"இதென்ன கணக்குங்க அம்மிணி?" என்றார் முதலாளி.

என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறவரைத்தான் நினைத்தேன். கற்பூரத்தை நீட்டியது இந்தக் கைதான். அவர் கத்தினாலும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போனாலும், நியாயம் அவர் பக்கம். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"கமலா, அந்தக் கறுப்பு எட்டை எடுத்துச் சிவப்பு ஒம்பது மேல வை."

திரும்பினேன். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கழுத்தை மட்டும் நீட்டித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணை நான் மூன்று வருஷமாகப் பார்க்கவில்லை.

வைத்தேன்.

"அவசரப்படாதே. அந்த வரிசையத் தொறந்தாத்தான் அடியில இருக்கறவன் வெளிய வருவான். ஆங். இப்ப ஏஸ் சீட்ட மேல ஏத்து. அட, அதையில்ல, பக்கத்துல!"

ஆபீஸ் முழுக்கப் பொரியை மென்றுகொண்டே பார்த்தது. கொஞ்ச நேரத்தில் தண்டபாணியும் யோசனை சொல்ல ஆரம்பித்தார். முதலாளி அவரை அடக்கினார். "நீங்க சும்மா இருங்க, அவரு வெளாடட்டும்" என்றார். கடைசியில் ஒரு காலி இடத்தில் கறுப்பு ராஜா உட்கார்ந்தான். நான் ஒரு சீட்டைப் புரட்டினேன். சிவப்பு ராணி.

"வந்துட்டாளா?" என்றார் என் வீட்டுக்காரர். "ஒரு மாசமா லீவுல இருந்தவ!"

எனக்குக் காது வரைக்கும் சூடேறிவிட்டது. அவளை ராஜாவின் மேல் வைத்தேன். அதற்குப் பிறகு மளமளவென்று எல்லாம் மேலே ஏறின. அடுக்கி முடித்ததும் சீட்டுகள் ஒவ்வொன்றாகக் குதித்துத் திரை முழுக்கப் பொரி மாதிரி சிதறின. இரண்டு மாதத்தில் நான் அதை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. இப்படி ஒன்று நடக்கும் என்றுகூடத் தெரியாது. மில்லே ஆரவாரம் செய்தது.

முதலாளி பொரித் தட்டை மேஜை மேல் வைத்தார். "நான் இதைக் கணக்குக்குன்னு கொண்டாந்தேன். ஒருத்தன் ஜாதகம் பாக்கறான். ஒருத்தன் கதவுக்குப் பேரு ஒட்டறான். பூ வைக்கறீங்க, மோர் வைக்கறீங்க. இதுல இனி எங்கிருந்து திருப்பி அனுப்பறது?" என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார். "என்ன சொல்றீங்க அம்மிணி?"

"இருக்கட்டுமுங்கையா. அந்தப் புள்ளையும் இருக்கட்டும். வேற யாரையும் அனுப்பக் கூடாது."

"அனுப்பிட்டா இந்தக் குண்டுக்குள்ள இருந்து எலுமிச்சங்காய யாரு எடுக்கறது?" என்றார் முதலாளி.

அக்டோபர் 12, ஞாயிறு

"எப்பத் தெரியும்?" என்று காலையில் அவரிடம் கேட்டேன்.

"மொத நாளே. தூக்கத்துல 'ராணி வரலியே'ன்னு சொன்னே. ராஜா காலியாக் கெடக்குதுன்னும் சொன்னே. எந்த ஆபீசுல ராஜா காலியாக் கெடப்பான்?"

"அப்பறம் எதுக்கு டெய்லி கேட்டீங்க?"

"வந்தாளான்னு எனக்கும் தெரியணுமில்ல?"

நான் அழுதுவிட்டேன். அவர் சிரித்தார். இந்தச் சிரிப்பை மூன்று வருஷம் பூட்டி வைத்தவள் நான்தான். "அந்தச் சத்தியத்தை விட்டுருங்க. நானே சொல்றேன்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "அது உனக்குப் பண்ணுனதில்ல. என்ர பொண்ணு அழுதாளே, அதுக்குப் பண்ணுனது. அது இருக்கட்டும்."

அக்டோபர் 13, திங்கள்

ஜெசிந்தா கறுப்புக் கண்ணாடியோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடிக்குள் என்ன நடந்தது என்று தெரியவில்லை. மெட்ராஸ் ஐ பயத்தில் நான் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். அதற்கும் அவள் சிரித்தாள்.

ஆபீஸ் விட்ட பிறகு என்னைக் கூட்டிப் போக அவர் வந்தார். இத்தனை வருஷத்தில் வந்ததே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார் போலிருக்கிறது. நான் அம்பை வேறு எங்கோ கொண்டுபோக, அவர் பல்லைக் கடித்தார்.

"சும்மா நீங்களே புடிங்க. இது சீட்டில்லீங்க, மவுஸு" என்றேன்.

"சத்தியத்துல 'கையால'ன்னு சொல்லியிருக்கேன்" என்றார்.

பிறகு குனிந்து, மவுஸைப் பிடித்திருந்த என் கையின் மேல் தன் கையை வைத்து, ஏழாவது வரிசைக்கு மெல்ல நகர்த்தினார். சீட்டை அவர் தொடவில்லை, கம்ப்யூட்டரையும் தொடவில்லை. என் கையைத்தான் தொட்டார்.

மவுஸ் பயிற்சி. ராணி சீக்கிரமே வந்துவிட்டாள்.